தீ அணைந்தது, ஏரி செத்தது: மதகை அடைக்கச் சொல்ல யார் இருந்தார்கள்?

(கோட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடைபெற்ற தர்ணாவில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. வர முடியாத ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே அச்சிடப்படுகிறது.)



பந்தல் போட அனுமதி கிடைக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

2022 ஐப்பசியில் நடந்தது உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். பக்கத்து வட்டங்களிலிருந்து வந்திருக்கிற சங்கத்தினருக்காக ஒருமுறை சொல்கிறோம். நம் ஏரிக்கு மேற்கே, வரத்து வாய்க்காலை ஒட்டினாற்போல ஒரு இரசாயன ஆலை இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. வக்கீல் எங்கள் வாயைக் கட்டி அனுப்பியிருக்கிறார். பெயர் எதற்கு, சாயங்காலம் அந்த ரோட்டில் போனால் மூக்கே சொல்லிவிடும்.

அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். கரைப்பான் டிரம்கள் அடுக்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. மூன்று தீயணைப்பு வண்டிகள் வந்தன. விடிய விடியப் போராடி அணைத்தார்கள். அந்தத் தீயணைப்பு வீரர்களுக்கு இந்த மேடையிலிருந்து கைகூப்பி நன்றி சொல்கிறோம், அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. உள்ளே ராத்திரி ஷிப்டில் இருந்த நம் பிள்ளைகளும் உயிரைப் பணயம் வைத்து டிரம்மை உருட்டி அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று போட்டிருந்தார்கள். எல்லோரும் நிம்மதியாகக் காபி குடித்தோம்.

ஆனால் ஒரு கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அடித்த தண்ணீர் எங்கே போச்சு?

ஒரு தீயணைப்பு வண்டி 4,500 லிட்டர் பிடிக்கும். மூன்று வண்டியும் காலியாகக் காலியாக நம் ஏரியில் வந்துதான் நிரப்பிக்கொண்டு போயின. அந்தத் தண்ணீர் எரிகிற டிரம் மேலே விழுந்து, கசிந்த மருந்தையும் கரைப்பானையும் கரியையும் கழுவிக்கொண்டு, ஆலையின் மழைநீர் வடிகால் வழியாக வரத்து வாய்க்காலில் இறங்கி, திரும்ப நம் ஏரிக்கே வந்தது. நம்மிடம் வாங்கின தண்ணீரை நமக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், விஷத்தைக் கலந்து!

விடியற்காலையில் நீர்க்கட்டி வாய்க்காலைப் பார்த்தார். நுரை போகிறது, தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. அவர் நேரே சங்கத்துக்குத்தான் வந்தார். "தண்ணி நிறம் ஒரு மாதிரி இருக்குதுங்க, பலகை போட்டுடலாமா?" என்று கேட்டார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "ஐப்பசித் தண்ணி, யாரோ சோப்பு போட்டுத் துவைச்சிருப்பாங்க, வரட்டும் விடு, ஏரி நிரம்பட்டும்" என்று சொன்னோம். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீரைப் பார்த்ததே பெரிய சந்தோஷம் எங்களுக்கு. ஏரி முகப்பு மதகில் பலகை இறக்கி, நாலு மணல் மூட்டை போட கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேர வேலையை வேண்டாம் என்று தடுத்தது நாங்கள்தான். இதை மறைத்துவிட்டு உங்கள் முன்னால் பேசுவதில் அர்த்தமில்லை, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டோம்.

மூன்றாம் நாள் மீன் மிதந்தது. ஏரிக் குத்தகை எடுத்த சகோதரர்கள் கரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். புருஷனை இழந்த ஒரு தாய், இரண்டு கறவை மாட்டை வைத்துப் பிழைத்தவர், இரண்டும் ஒரே வாரத்தில் போயிற்று. முதல் மடைப் பாசனத்தில் நாற்றங்கால் நுனி கருகி உட்கார்ந்தது. மறுபடி விதை விட்டவர்களுக்குப் பருவம் தப்பிவிட்டது. நாங்கள் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு ஓடினோம். "அதிகாரி முன்னிலையில் எடுத்த மாதிரி இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். அதிகாரி வந்து மாதிரி எடுக்கும்போது நல்ல மழை இரண்டு பெய்து ஏரி கலங்கல் போயிருந்தது. தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று அறிக்கை வந்தது.

தோழர்களே, இந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் இன்னும் பேசுகிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இது நம் ஊரில் மட்டும் நடந்த கூத்து இல்லை என்பதால்தான். சுவிட்சர்லாந்து தேசத்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில், 1986 நவம்பர் 1-ந் தேதி அதிகாலை, சாண்டோஸ் கம்பெனியின் கிடங்கு எரிந்தது. பூச்சிமருந்தும் பாதரசம் சேர்ந்த பூஞ்சாண மருந்துமாக 1,300 டன்னுக்கு மேல் சரக்கு. தீயை அணைத்துவிட்டார்கள். தீயில் யாரும் சாகவில்லை. ஆனால் அணைக்க அடித்த தண்ணீர், ஆயிரக்கணக்கான கன மீட்டர், பக்கத்திலேயே ஓடும் ரைன் நதியில் இறங்கியது. நதி சிவப்பாக ஓடியது. சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. கீழ்நாடுகளில் குடிநீர் எடுக்கிற இடங்களை மூட வேண்டி வந்தது. கீழே இருப்பவர்களுக்குத் தகவல் தாமதமாகப் போனது என்று அந்த நாட்டு அரசாங்கத்தின் மேலேயே பெரிய கண்டனம் எழுந்தது. அந்தக் கிடங்கைச் சுற்றி அத்தனை தண்ணீரைப் பிடித்து நிறுத்த ஒரு தொட்டி இல்லை. அவ்வளவுதான் குறை. பணக்கார தேசம், படித்த தேசம், ஒரு தொட்டி இல்லாமல் ஒரு நதியைப் பாழாக்கியது. அதற்குப் பிறகுதான் அந்த நதிக்கரை ஆலைகளில் தீயணைப்புத் தண்ணீரைத் தேக்கும் தொட்டிகள் கட்டினார்கள்.

நமக்கு 1986-லிருந்து இன்றுவரை அந்தப் பாடம் வந்து சேரவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறோம். சட்டம் என்றவுடன் தூங்கிவிடாதீர்கள், இதில்தான் நம் பிடி இருக்கிறது.

போபால். 1984 டிசம்பர் 2-ந் தேதி ராத்திரி. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் விஷவாயு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள். ஊருக்குக் கேட்கிற சைரனை ஊதிவிட்டு சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். தூக்கத்தில் எழுந்தவர்கள் காற்று போகிற பக்கமே ஓடி, வாயு கூடவே போய் விழுந்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு என்ன வாயு, என்ன மருந்து கொடுப்பது என்றே தெரியவில்லை. அத்தனை பிணத்துக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழே 1989-ல் அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய விதிகள் வந்தன. 1996-ல் இரசாயன விபத்துக்கான அவசரகால விதிகள் வந்தன.

1989 விதிகள் என்ன சொல்கிறது? பெரிய விபத்து அபாயம் உள்ள ஆலை, தன் மதில் சுவருக்கு உள்ளே என்ன செய்வது என்று ஒரு அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். மதில் சுவருக்கு வெளியே என்ன செய்வது என்று மாவட்ட அளவில் அதிகாரிகள் ஒரு திட்டம் போட வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறையாவது அதற்கும் ஒத்திகை பார்க்க வேண்டும். அதோடு, விபத்து நடந்தால் யாருக்கெல்லாம் பாதிப்பு வருமோ அவர்களிடம், என்ன ஆபத்து, வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது ஆலையின் கடமை. நாம் போய்க் கெஞ்சிக் கேட்க வேண்டிய தகவல் இல்லை இது. அவர்கள் நம் திண்ணைக்கு வந்து சொல்ல வேண்டிய தகவல்.

கையைத் தூக்குங்கள் பார்ப்போம், யார் வீட்டுக்காவது வந்து சொன்னார்களா? ஒரு கைகூட இல்லை. காவல்துறை நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

1996 விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாநிலத்துக்கு ஒரு நெருக்கடிக் குழு, மாவட்டத்துக்கு ஒன்று, ஆலைகள் இருக்கிற பகுதிக்கு ஒன்று. மாவட்டக் குழு 45 நாளைக்கு ஒருமுறை கூட வேண்டும், பகுதிக் குழு மாதா மாதம் கூட வேண்டும். பகுதிக் குழுவில் தீயணைப்பு அதிகாரி, காவல் நிலைய அதிகாரி, வட்டார வளர்ச்சி அலுவலர், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் இவர்களோடு ஊர்த் தலைவர் ஒருவரும், சமூக சேவகர்களும், உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும்கூட உட்கார வேண்டும். எழுதினவர்கள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நம் பகுதிக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டோம். பதில் வந்தது. கோப்பு தேடப்பட்டு வருகிறதாம்! நம் முன்னாள் ஊராட்சித் தலைவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேளுங்கள். ஒருமுறை கூப்பிட்டார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீங்க அண்ணே, நாங்களும் கேட்டிருக்க மாட்டோம்.

ஆலையின் திட்டத்தையும் கேட்டோம். வியாபார ரகசியம் என்று முதலில் மறுத்தார்கள். மேல்முறையீடு போய், அலைந்து, கடைசியில் ஒரு கட்டுக் காகிதம் கையில் வந்தது. முழுக்க இங்கிலீஷ். ஓய்வுபெற்ற நம் வாத்தியார் ஒரு மாதம் உட்கார்ந்து படித்துச் சொன்னார். அதில் நம் ஏரி வருகிறதா என்று கேட்டோம். வருகிறது என்றார். எங்கே? தீயணைக்கத் தண்ணீர் எடுக்கிற இடம் என்ற தலைப்பில்! அதோடு சரி. அந்தத் தண்ணீர் திரும்பி எங்கே போகும், எந்த வாய்க்கால், எந்த மதகு, எத்தனை ஏக்கர் பாசனம், எத்தனை மாடு தண்ணீர் குடிக்கிறது, ஒரு வரி கிடையாது. அவர்கள் கணக்கில் நம் ஏரி ஒரு டேங்கர் லாரி.

ஜனங்கள் கூட வேண்டிய இடம் என்று நம் பள்ளிக்கூட மைதானத்தைப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் ஆலைக்கு நேர் கிழக்கே. ஆடி மாதம் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? மேற்கிலிருந்து! ஆடியில் வாயு கசிந்தால் நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாயுவுக்கு எதிரே நிறுத்தச் சொல்கிறது அந்தத் திட்டம். எழுதினவர் ஊருக்கு வந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்த்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. களத்தில் நெல் தூற்றின எந்தப் பாட்டியும் இதைவிட நல்ல திட்டம் போட்டிருப்பாள்.

இன்னொன்று. வீடுகளைக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். மோட்டார் கொட்டகைகளை எடுக்கவில்லை. ராத்திரி எந்நேரம் மும்முனை மின்சாரம் வருகிறதோ அந்நேரம் எழுந்து போய்த் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் நாம். நடுச்சாமத்தில் டார்ச் லைட்டோடு வரப்பில் நிற்கிற மனுஷன் எந்த வரைபடத்திலும் இல்லை. ஆந்திராவில் விசாகப்பட்டினத்தில், 2020 மே 7 அதிகாலை மூன்று மணி வாக்கில், எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு வெளியேறியதே, 12 பேர் போனார்களே, அதுவும் ஜனங்கள் தூங்குகிற நேரம்தான். அங்கே சைரனுக்கான பொத்தான்கள் இருந்தும் அழுத்தப்படவில்லை என்று அரசு போட்ட உயர்மட்டக் குழுவே சொன்னது. எண்ணூரில் 2023 டிசம்பர் 26 ராத்திரி கடலுக்குள் போகும் குழாயில் அம்மோனியா கசிந்தபோதும், பெரியகுப்பம், சின்னகுப்பம் மீனவ மக்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்துதான் தெரிந்துகொண்டார்கள். ஆலைக்காரர் சொல்லி அல்ல, தங்கள் மூக்கு சொல்லி.

நம் ஊர் ஆலையிலும் சைரன் இருக்கிறது. தினமும் மூன்று வேளை ஊதுகிறது, ஷிப்டுக்கு. அதை வைத்துத்தான் நாம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறோம், அம்மாக்கள் உலை வைக்கிறார்கள். ஆபத்துக்கும் அதே சைரன் என்றால் நாம் என்ன செய்வோம்? உலைதான் வைப்போம்!

திட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. ஆகவே வாத்தியாரும், தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற நம் ஊர்ப் பிள்ளை ஒருவரும் சொல்லித் தந்ததில் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள். வாயு நெடி அடித்தால் முதலில் காற்றைப் பாருங்கள். காற்று போகிற திசையிலேயே ஓடாதீர்கள், வாயுவை நோக்கியும் போகாதீர்கள், குறுக்கே நடந்து விலகுங்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் போய்த் தங்கும். வாய்க்காலில் இறங்கி ஒளிவது, கிணற்றுப் படியில் உட்காருவது, இது உயிருக்கு உலை. மேட்டுக்குப் போங்கள். அம்மோனியா தண்ணீரில் கரைகிற சரக்கு, ஈரத்துணியை மூக்கில் கட்டினால் கொஞ்சம் தாங்கும். ஆனால் எல்லா வாயுவுக்கும் ஈரத்துணி போதும் என்று நம்பி அங்கேயே நிற்கக்கூடாது. பெட்ரோல் மாதிரி, கரைப்பான் மாதிரி நெடி வந்தால் மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், ஒரு பொறி போதும். மாட்டை ஓட்டிக்கொண்டு போக நேரம் பார்க்காதீர்கள், கயிற்றை அறுத்து விடுங்கள். மனசு கேட்காது, தெரியும். இருந்தாலும் அறுத்து விட்டுவிட்டு நீங்கள் விலகுங்கள். 101, 108, 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த நம்பர்களை மோட்டார் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

ரோட்டில் டேங்கர் கவிழ்ந்தால் கும்பலாகப் போய் வேடிக்கை பார்க்கிறோம், குடத்தைத் தூக்கிக்கொண்டும் போகிறோம். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். வண்டி பின்னால் ஒரு பலகை இருக்கும், அதில் நாலு இலக்க நம்பர் இருக்கும். 1005 என்றால் அம்மோனியா, 1017 என்றால் குளோரின், 1230 மெத்தனால், 1830 கந்தக அமிலம். தூரத்தில் நின்று அந்த நம்பரைப் படித்துப் போனில் சொன்னால் போதும், வருகிறவர்கள் என்ன கொண்டுவர வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவார்கள். எல்லாத் தீக்கும் தண்ணீர் மருந்து இல்லை. சில சரக்குக்கு தண்ணீர் பட்டால்தான் ஆபத்தே. கெரசின் எரிந்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மேலே மிதந்துகொண்டே எரியும் என்று நம் வீட்டுப் பெண்களுக்கே தெரியும். கரைப்பானும் அதே ஜாதிதான். அதற்கு நுரை அடிக்க வேண்டும், நுரைக்குத் தண்ணீர் குறைவாகச் செலவாகும், வாய்க்காலுக்குப் போவதும் குறையும். பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்தால் சில நேரம் எரியவிட்டு, சுற்றி இருப்பதைக் காப்பாற்றுவதே மேல் என்றுகூடத் தீயணைப்பு நிபுணர்கள் முடிவு செய்வதுண்டு. அப்படி விட்டால் புகை நமக்கு, தண்ணீர் அடித்தால் விஷம் ஏரிக்கு. எது குறைந்த கெடுதல் என்று அமர்ந்து முன்கூட்டியே பேச வேண்டாமா? ராத்திரி ஒன்றரை மணிக்கு, தீ எரியும்போதா பேசுவது?

ஆலைக்காரர்கள் ஒன்று சொல்கிறார்கள். எங்கள் டேங்க்கைச் சுற்றி மதில் கரை கட்டியிருக்கிறோம், பெரிய டேங்க் முழுசாகக் கொட்டினாலும் அதில் அடங்கி அதற்கு மேலும் இடம் இருக்கும் என்று. நல்ல விஷயம். நாமும் வரப்புப் போடுகிறவர்கள்தான், புரிகிறது. ஆனால் மழை பெய்தால் அந்தக் கரைக்குள் தண்ணீர் நிற்கும், அதை வடிக்க ஒரு வால்வு வைத்திருப்பார்கள். வடித்துவிட்டு வால்வை மூட மறந்தால்? மடையைத் திறந்து வைத்துவிட்டு வரப்பு உயரமாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். அந்த வால்வு எப்போதும் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறது யார்? கேட்டால் ஒப்பந்தத் தொழிலாளி என்கிறார்கள். அவனுக்கு இந்த மாதம் இங்கே வேலை, அடுத்த மாதம் எங்கேயோ. வெள்ளக் காலத்தில் இன்னும் மோசம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்ததைப் பார்த்தோம். நமக்கும் ஐப்பசி கார்த்திகை வரும்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் பேச வேண்டும். நம் சங்கத்திலேயே இரண்டு கருத்து இருக்கிறது. ஆலையை மூடு என்று ஒரு பகுதி. ஆலையில் பிள்ளை வேலை செய்கிறான், மூடினால் சோறு போச்சு என்று இன்னொரு பகுதி. போன மாதச் செயற்குழுவில் நாற்காலியை உதறிவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. கடலூர் சிப்காட்டில் 2021 மே 13-ல் ஒரு பூச்சிமருந்து ஆலை விபத்தில் 4 உயிர் போயிற்று. உள்ளே எரிந்தால் முதலில் போகிறவன் நம் வீட்டுப் பிள்ளைதான், இது இரண்டு தரப்புக்கும் தெரியும். மூடுவதா வேண்டாமா என்ற சண்டை நடந்துகொண்டே இருக்கட்டும். அதுவரைக்கும் ஆலை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ஓடுகிற ஆலைக்கு ஒரு திட்டம் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அந்த இடத்தில் எல்லோரும் ஒன்றாக நிற்கிறோம், இன்றைக்கு இந்த ரோட்டில் உட்கார்ந்திருப்பதே சாட்சி.

நஷ்ட ஈடு பற்றி ஒரு வார்த்தை. 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று வந்தது. அபாயச் சரக்கு கையாளுகிறவர்கள் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும், விபத்தில் பாதிக்கப்பட்ட வெளியாட்களுக்கு, யார் மேல் தப்பு என்று நிரூபிக்கச் சொல்லாமலே நிவாரணம் தர வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும், விபத்து நடந்து ஐந்து வருஷத்துக்குள். அந்தச் சட்டம் முதலில் வந்தபோது சொத்துச் சேதத்துக்கு 6,000 ரூபாய் வரைதான் என்று எழுதியிருந்தார்கள். ஒரு கறவை மாட்டின் ஒரு காலைக்கூட வாங்க முடியாத தொகை. இருக்கட்டும், மனு போடுவது நம் உரிமை. இன்னும் மனு எழுதாதவர்கள் கூட்டம் முடிந்ததும் வாத்தியாரிடம் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள், காகிதம் சங்கம் கொடுக்கும்.

இன்றைக்கு கோட்டாட்சியர் அவர்களிடம் நாம் கொடுக்கப்போகும் மனுவில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் கேட்கிறோம். மதிலுக்கு வெளியே உள்ள திட்டத்தைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். அந்தத் திட்டத்தில் வரத்து வாய்க்காலும் முகப்பு மதகும் பெயரோடு வர வேண்டும். தீ என்று ஆலையிலிருந்து முதல் போன் தீயணைப்பு நிலையத்துக்குப் போனால், இரண்டாவது போன் நீர்க்கட்டிக்கு வர வேண்டும், அவர் நம்பர் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அடித்த தண்ணீரைப் பிடித்து வைக்க ஆலைக்குள்ளேயே தொட்டி கட்ட வேண்டும், வடிகால் வாய்க்காலைத் தொடும் இடத்தில் மூடுகிற ஷட்டர் போட வேண்டும். ஆபத்துச் சைரன் தனி ஓசையாக இருக்கட்டும். பகுதி நெருக்கடிக் குழுவில் பாசன விவசாயி ஒருவருக்கு இடம் வேண்டும், கூட்டக் குறிப்பு ஊருக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும். ஒத்திகையை ஒருமுறையாவது ராத்திரியில் நடத்துங்கள், மோட்டார் கொட்டகையையும் சேர்த்து. விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் ஊரார் முன்னிலையில் தண்ணீர், மண், மாட்டு மாதிரி எடுக்க வேண்டும், மழை பெய்து கழுவின பிறகு அல்ல.

குளோரின் 10 டன், அம்மோனியா 60 டன் என்று ஒரு அளவு வைத்து, அதற்கு மேலே இருந்தால்தான் பெரிய அபாய ஆலை என்று விதி பிரிக்கிறது. 9 டன் வைத்திருக்கிறவன் ஆபத்தில்லாதவனா என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. வட்டத்தில் உள்ள சின்ன ஆலைகளையும் ஐஸ் கம்பெனிகளையும் கணக்கெடுக்கச் சொல்லி அதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.

கோட்டாட்சியர் அவர்கள் மனுவை வாங்கிக்கொள்வார்கள், ஆவன செய்யப்படும் என்பார்கள். தேதி கேட்போம். தேதி கிடைக்காவிட்டால், வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று காலை 9 மணிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போகிறோம். வீட்டுக்கு ஒருவர் கண்டிப்பாக வர வேண்டும். பெண்களுக்குத் தனி வேன் சொல்லியிருக்கிறது, மதியச் சாப்பாடு சங்கப் பொறுப்பு. வரும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் ஏரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாருங்கள், மூடியில் தேதியும் இடமும் எழுதி. நீர்க்கட்டி பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அவர் பின்னால் வருகிறோம்.